இரண்டுங்கெட்டான் சுருதியா?

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்களிடையிலும் அதை வாசிப்பவர்களிடையிலும் ஒரு தீர்ப்பு நெடுநாளாக மறுபேச்சில்லாமல் நிற்கிறது. இன்றைய பியானோவுக்கு ஈக்வல் டெம்பரமென்ட் என்னும் சமப் பங்கீடுதான் விதி. வெர்க்மைஸ்டர், வல்லோட்டி, கிர்ன்பெர்கர் என்ற பெயர்களில் வழங்கும் பழைய முறைகள் ஹார்ப்சிகார்டுக்கு உரியவை. இவற்றைச் சமப் பங்கீட்டோடு கலந்து நடுவில் எங்கோ கொண்டுபோய் நிறுத்துவது வரலாற்றிலும் சேராது, விஞ்ஞானத்திலும் சேராது, இரண்டுங்கெட்டான் வேலை என்கிறது அந்தத் தீர்ப்பு. இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் கை பழகிய டியூனர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பழைய முறைகளுக்காகக் கொடிபிடிக்கும் தூய்மைவாதிகளும், வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு ஒத்துப்போகிறார்கள். வைத்தால் வல்லோட்டியை முழுசாக வை, இல்லாவிட்டால் விட்டுவிடு என்பது அவர்கள் கட்சி. இரு தரப்பும் சேர்ந்து ஒதுக்கிவைத்திருக்கும் அந்தக் கலப்புச் சுருதியே பியானோ இசையின் பெரும்பகுதிக்குப் பொருந்துகிறது என்பதும், அதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் பல கணக்கைத் தப்பாகப் படித்ததால் வந்தவை என்பதும் என் வாதம்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். கர்நாடக இசையில் தம்பூரா ஒரு சட்ஜத்தைப் பிடித்துக்கொள்கிறது; கச்சேரி முடியும்வரை அது நகர்வதில்லை. அதனால் பாடுகிறவர் அந்தர காந்தாரத்தை 5:4 என்ற விகிதத்தில், தம்பூராவின் தந்தியிலேயே தானாக எழும் காந்தாரத்தோடு, இழையவிட முடிகிறது. மேலை இசையில் ஒரே உருப்படிக்குள் ஆதாரமே இடம் மாறும். பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் எதுவும் இப்போது சட்ஜமாகலாம், அடுத்த வரியில் வேறொன்றின் காந்தாரமாகலாம், அதற்கடுத்து பஞ்சமமாகலாம். பாடகரைப் போலப் பியானோ அந்தக் கணத்தில் சுரத்தைச் சற்று ஏற்றி இறக்கிக்கொள்ள முடியாது. டியூனர் வைத்துவிட்டுப் போனது வைத்ததுதான். 3:2 என்ற சுத்தப் பஞ்சமங்களைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயியில் வந்து முடிய வேண்டும், முடியாமல் 23.46 சென்ட் மிஞ்சுகிறது. (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.) 5:4 காந்தாரங்களை மூன்று முறை அடுக்கினால் ஒரு ஸ்தாயி வர வேண்டும், அதற்கு 41.06 சென்ட் குறைகிறது. இந்த மிச்சத்தையும் குறையையும் எங்காவது வைத்தாக வேண்டும். எங்கே வைப்பது என்பதற்குக் காலந்தோறும் சொல்லப்பட்ட விடைகள்தான் டெம்பரமென்ட்கள்.

சமப் பங்கீட்டின் விடை எளிது. பன்னிரண்டு பஞ்சமங்களிலும் 1.96 சென்ட் வீதம் குறைத்துவிடுகிறது. அதன் விளைவாகப் பன்னிரண்டு காந்தாரங்களும் 400 சென்ட்டில், அதாவது சுத்தமான 386.31-ஐவிட 13.69 சென்ட் உயரத்தில், போய் உட்கார்ந்துகொள்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் வல்லோட்டி முறை, எஃப் முதல் பி வரை வரிசையாக வரும் ஆறு பஞ்சமங்களில் மட்டும் 3.91 சென்ட் வீதம் குறைத்து, மற்ற ஆறையும் சுத்தமாக விடுகிறது. அதனால் சி, எஃப், ஜி ஆகிய கட்டைகளின் காந்தாரம் 392 சென்ட்டுக்கு இறங்கி இனிமையாகிறது. பி, எஃப் ஷார்ப், டி பிளாட் கட்டைகளின் காந்தாரம் 408-க்கு ஏறிக் கூர்மையாகிறது. இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. ஸ்தாயி கெடாமல் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்கும் எந்த முறையை எடுத்துக்கொண்டாலும், பன்னிரண்டு காந்தாரங்களின் சராசரி 400 சென்ட்தான். மும்மூன்றாக அடுக்கினால் அவை ஒரு ஸ்தாயியில், 1200-இல், முடிந்தாக வேண்டும் என்பதால் இதிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஆகவே காந்தாரத்தைப் பொறுத்தவரை சமப் பங்கீடு வல்லோட்டியைவிடத் துல்லியமானது என்ற பேச்சுக்கே இடமில்லை. மொத்தப் பிழையில் ஒரு சென்ட்டைக்கூட அது குறைக்கவில்லை. எல்லோர் தலையிலும் ஒரே அளவாக இறக்கிவைத்தது, அவ்வளவுதான். பிழையை எப்படிப் பிரிப்பது என்பது கணிதம் முடிவுசெய்யும் விஷயமன்று. எந்தக் கட்டையில் எவ்வளவு இசை வாசிக்கப்படுகிறது என்பதைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

இப்போது கலப்புக்கு வருவோம். வல்லோட்டிக்கும் சமப் பங்கீட்டுக்கும் சரிபாதியில் நிற்கும் ஒரு சுருதியை எடுத்துக்கொள்ளலாம். எஃப் முதல் பி வரையுள்ள ஆறு பஞ்சமங்கள் 2.93 சென்ட் வீதம் குறையும், எதிர்ப்பக்கத்து ஆறும் 0.98 சென்ட் குறையும். காந்தாரங்கள் சி, எஃப், ஜி கட்டைகளில் 396. டி, பி பிளாட்டில் 398. ஏ, ஈ பிளாட்டில் 400. ஈ, ஏ பிளாட்டில் 402. பி, எஃப் ஷார்ப், டி பிளாட்டில் 404. ஏ-யை 440-இல் அசையாமல் வைத்துக்கொண்டால், சமப் பங்கீட்டிலிருந்து மிகவும் விலகி நிற்பது எஃப். அதுவும் நான்கு சென்ட்டுக்குள்தான். பஞ்சமம் எதுவும் ஊளையிடாது, எந்தக் கட்டையும் வாசிக்க முடியாமல் போகாது. பாதி வேண்டாம், கால் போதும் என்றால் காலிலும் நிறுத்தலாம். சமப் பங்கீடும் பழைய முறைகளும் இரண்டு வேறு இனங்கள், கலந்தால் கெட்டுவிடும் என்று எண்ணுவதுதான் அடிப்படைக் கோளாறு. இரண்டும் ஒரே கோட்டின் இரு புள்ளிகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இடைவெளியே இல்லாமல் போகலாம். நடுவில் நிற்கக் கூடாது என்பதற்குக் கணக்கில் ஒரு காரணமும் கிடையாது.

கணக்கில் இல்லாவிட்டால் வரலாற்றில் இருக்கிறதா? பாக் 1722-இல் இருபத்து நான்கு கட்டைகளுக்கும் எழுதிய தொகுப்பைச் சமப் பங்கீட்டின் சாசனம்போலக் காட்டுவது பாடப்புத்தகங்களின் பழக்கம். அதன் தலைப்பு நன்றாகப் பங்கிட்ட சுருதி என்கிறதே ஒழியச் சமமாகப் பங்கிட்டது என்று சொல்லவில்லை. பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கர் கடைசிவரை சமமற்ற முறைகளுக்காக வாதாடியவர். அவருடைய எதிரியான மார்ப்பூர்க் 1776-இல் ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறார்: மேஜர் காந்தாரங்கள் எல்லாவற்றையும் சற்றே உயர்த்தி வைக்க வேண்டும் என்று பாக் தமக்குச் சொல்லிக்கொடுத்ததாகக் கிர்ன்பெர்கரே சொன்னாராம். மார்ப்பூர்க் இதைச் சமப் பங்கீட்டுக்குச் சாட்சியாக இழுத்தார். ஆனால் எல்லாக் காந்தாரமும் உயர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மேலே சொன்ன பாதிக் கலப்பும் பிசகாமல் நிறைவேற்றுகிறது. ஒளி அலைதான் என்று காட்டிய அதே தாமஸ் யங், 1800-இல் ராயல் சொசைட்டியில் ஒரு சுருதி முறையை முன்வைத்தபோது, அடிக்கடி வாசிக்கப்படும் கட்டைகளில் இசைவு அதிகமாக இருக்கும்படி பிழையைப் பகிர்வதையே கொள்கையாக வைத்துக்கொண்டார். விஞ்ஞானியின் தீர்ப்பு வேண்டும் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

அதேசமயம் என் பக்கத்தில் நிற்பவர்களின் மிகைப்பேச்சையும் நான் ஏற்கவில்லை. ஓவன் ஜோர்கென்சன் 1991-இல் வெளியிட்ட பெரிய நூலில், 1917-இல் வில்லியம் பிரெய்டு ஒயிட்டின் நூல் வரும்வரை உண்மையான சமப் பங்கீட்டைக் காதால் யாரும் வைத்ததே இல்லை என்ற அளவுக்குப் போனார். அது தாங்காது. ராமோ 1737-லேயே சமப் பங்கீட்டுக்கு மாறிவிட்டார். பார்வையற்ற பாரிஸ் டியூனர் குளோட் மோந்தால் 1836-இல் வெளியிட்ட கையேட்டில் சமப் பங்கீட்டை வைக்கும் படிகள் தெளிவாகவே இருக்கின்றன. லண்டனில் பிராட்வுட் தொழிற்சாலை 1846-இல் அதற்கு மாறியது. (1917 என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகவும் இருபத்து நான்கு சம சுருதிகளாகவும் பிரிப்பதே பழந்தமிழர் முறை என்று அவர் 22 சுருதிக் கட்சியோடு மல்லுக்கட்டினார். சமப் பங்கீட்டின் கவர்ச்சி ஐரோப்பாவோடு நிற்கவில்லை.) ஆகவே சமப் பங்கீடு நேற்று முளைத்த சதி என்று சொல்வது வீண்பேச்சு. ஆனால் ஓர் இலட்சியம் இருந்தது என்பதும், வீட்டுக்கு வீடு இருந்த பியானோக்கள் அதன்படியே ஒலித்தன என்பதும் ஒன்றல்ல. சென்ட் அளவையை வகுத்த அலெக்சாண்டர் எல்லிஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ் நூலின் 1885 ஆங்கிலப் பதிப்பில், சமப் பங்கீடு என்று சொல்லி லண்டன் டியூனர்கள் வைத்த பியானோக்களை அளந்து காட்டியிருக்கிறார். பிராட்வுட்டின் கைதேர்ந்தவர்கள் வைத்தவைகூட நூறு நூறாக வந்து விழவில்லை. சில சென்ட் அங்கும் இங்கும் விலகியே இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் காது கேட்டுப் பழகியது இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பரப்பைத்தான். கலப்பு வரலாற்றில் சேராது என்பவர்கள் எந்த வரலாற்றைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

விஞ்ஞானத்தின் பெயரால் வரும் மறுப்பு இன்னும் பலவீனமானது. இரண்டின் பன்னிரண்டாம் மூலம், 1.059463, என்ற எண்ணைக் காட்டி, இதைவிடத் துல்லியம் எது என்று கேட்கிறார்கள். அந்த எண்ணின்படி எந்தப் பியானோவும் இசைக்கப்படுவதில்லை. எஃகுக் கம்பிக்கு விறைப்பு உண்டு; அந்த விறைப்பால் அதன் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப்போகின்றன. ஸ்தாயிகள் காதுக்கு இசைவாகக் கேட்க வேண்டுமானால் அவற்றைச் சற்று இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. ரெயில்ஸ்பேக் 1938-இல் பியானோக்களை அளந்து வரைந்த வளைகோடு இதைத்தான் காட்டியது: மேல்கோடியில் சுமார் முப்பது சென்ட் ஏற்றம், கீழ்க்கோடியில் அதே அளவு இறக்கம். எவ்வளவு இழுப்பது என்பது பியானோவுக்குப் பியானோ மாறும். கம்பி நீளமான கச்சேரிப் பியானோவில் குறைவு, சுவரோரம் நிற்கும் குட்டைப் பியானோவில் அதிகம். குட்டைப் பியானோவில் செம்புச் சுற்றுக் கம்பி முடிந்து வெறுங்கம்பி தொடங்கும் இடத்தில், சமப் பங்கீட்டை வைக்க நினைத்தாலும் காந்தாரங்கள் ஒழுங்காக ஏறிவர மறுக்கும். டியூனர் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் கடக்கிறார். முப்பது சென்ட் விஷயத்தில் காதின் விருப்பத்துக்கு இடங்கொடுக்கும் தொழில், நடு ஸ்தாயியில் நான்கு சென்ட் என்றதும் மட்டும் திடீரென்று கணித நூலைத் தூக்கிக்கொண்டு வருவது வேடிக்கைதான்.

அடுத்த மறுப்பு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நான்கு சென்ட் யார் காதில் விழப்போகிறது, ஒரு மழைக்காலம் வந்து ஒலிப்பலகை ஊறினால் இதைவிட அதிகமாகச் சுருதி நகராதா என்கிறார்கள். தனிச் சுரத்தின் உயரமாகக் கேட்டால் நான்கு சென்ட்டைப் பெரும்பாலோர் கண்டுகொள்ள மாட்டார்கள், உண்மை. ஆனால் பியானோவில் சுருதியைக் காது அப்படிக் கேட்பதில்லை, விம்மல்களாகக் கேட்கிறது. நடு ஸ்தாயியில் சி-யையும் ஈ-யையும் சேர்த்து அழுத்தினால், சி-யின் ஐந்தாம் அதிர்வும் ஈ-யின் நான்காம் அதிர்வும் உயரே ஒன்றோடொன்று உரசுகின்றன. சமப் பங்கீட்டில் அந்த உரசல் நொடிக்குப் பத்துக்குச் சற்று மேல். பாதிக் கலப்பில் அது ஏழரைக்கு இறங்குகிறது. அதற்கு அரைச்சுரம் மேலே உள்ள டி பிளாட்–எஃப் ஜோடியில் சமப் பங்கீடு பதினொன்று தருகிறது, கலப்பு பதினான்கு தருகிறது. ஏழரைக்கும் பதினான்குக்கும் உள்ள வித்தியாசம் இசை தெரியாதவருக்கும் கேட்கும். பெயர் சொல்லத் தெரியாது, ஒன்று அமைதியாகவும் மற்றது படபடப்பாகவும் இருப்பது தெரியும். ஈரப்பதத்தைப் பொறுத்தவரை, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. அவற்றுக்கிடையிலான உறவு மொத்தச் சுருதியைவிட மெதுவாகத்தான் கலைகிறது. அதுவும் போகட்டும். நான்கு சென்ட் காதில் விழாது என்பது உண்மையானால், கலப்பால் டி பிளாட் கெட்டுவிட்டது என்று புகார் சொல்லவும் அவர்களுக்கு வழியில்லை. ஒரே வாயால் கேட்கவில்லை என்றும் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது.

இதனால் இசைக்கு என்ன லாபம் என்பதே முக்கியமான கேள்வி. கட்டைகளுக்குக் குணம் எழுதிவைத்த ஷூபார்ட்டின் பட்டியல் போன்றவற்றை நான் துணைக்கு அழைக்கவில்லை. இந்தக் கட்டை காதல், அந்தக் கட்டை கல்லறை என்று சொல்வதில் கற்பனைதான் அதிகம். பீத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டாவை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதி சி மேஜரில் தடதடவென்று ஓடித் தொடங்குகிறது. இரண்டாவது கருப்பொருள், வழக்கமான ஜி-க்குப் போகாமல், ஈ மேஜரில் நிதானமான கார்டுகளாக வருகிறது. திரும்பி வரும்போது அதே கார்டுகள் ஏ மேஜரில் வருகின்றன. சமப் பங்கீட்டில் மூன்று இடத்திலும் காந்தாரத்தின் அகலம் ஒன்றே. பாதிக் கலப்பில் சி-யிலிருந்து ஈ-க்கு வரும்போது காந்தாரம் ஆறு சென்ட் விரிகிறது. அந்தக் கார்டுகளுக்கு ஓர் ஒளி ஏறுகிறது. ஏ-க்கு வரும்போது அந்த விரிவு மூன்றில் ஒரு பங்கு தணிகிறது. பீத்தோவன் காகிதத்தில் தேடிப்போன தூரம் கம்பியிலும் கேட்கிறது. ஷூபெர்ட் 1827-இல் ஜி பிளாட்டில் எழுதிய இம்ப்ராம்ப்ட்டு அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1857-இல், வாசிக்கச் சுலபமாக ஜி மேஜருக்கு மாற்றி அச்சிடப்பட்டது. சமப் பங்கீட்டில் அந்த மாற்றத்தால் உருப்படி அரைச்சுரம் ஏறியது, வேறொன்றும் ஆகவில்லை. கலப்புச் சுருதியில் அதன் ஆதார காந்தாரம் 404-லிருந்து 396-க்கு விழுகிறது. இடைவிடாமல் சலசலக்கும் அந்த உள்குரல் வேறு இயல்புக்கு மாறிவிடுகிறது. ஷூபெர்ட் இதற்காகவேதான் ஜி பிளாட்டைத் தேர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் தேர்ந்ததற்கும் பதிப்பாளர் மாற்றியதற்கும் காதில் ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஷோப்பேனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நிறுத்த வேண்டியதுதான். அவருடைய பெர்சூஸ் டி பிளாட்டில், பார்கரோல் எஃப் ஷார்ப்பில். கலப்பு மிக அதிகமாக விரித்துவைக்கும் காந்தாரங்கள் சரியாக அவர் விரும்பிய கட்டைகளில்தான் விழுகின்றன. முழு வல்லோட்டியில் இது பலமான மறுப்பு; 408 சென்ட் காந்தாரம் தாலாட்டுக்கு உகந்ததன்று. ஆனால் பாதிக் கலப்பில் அது 404, கால் கலப்பில் 402. சமப் பங்கீட்டின் 400 சென்ட் காந்தாரமே சுத்தத்திலிருந்து 13.69 சென்ட் தள்ளி நிற்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளும் காது இன்னும் இரண்டு சென்ட்டில் அலறப்போவதில்லை. முழுதும் ஷோப்பேன் வாசிக்கப்படும் மாலைக்கு டியூனர் சமப் பங்கீட்டை ஒட்டியே வரட்டும். ஷோன்பெர்க், மெசியான் போன்றவர்களின் இசைக்குச் சமப் பங்கீடே வேண்டும். பன்னிரண்டு சுரங்களும் சரிசமம் என்பதே அங்கே அடித்தளம். இப்படிச் சொல்வதால் என் வாதம் தளர்வதில்லை. நிறுத்தும் புள்ளி இசையைப் பொறுத்து நகர வேண்டும் என்பதுதான் வாதமே. நகரவே கூடாது என்பது எதிர்க்கட்சி.

என் கணிப்பில் மிகக் கனமான மறுப்பு டியூனர்களிடமிருந்துதான் வருகிறது. சமப் பங்கீட்டைச் சோதிக்க அவர்களிடம் கறாரான ஒரு வழி உண்டு. கீழ் எஃப்–ஏ காந்தாரம் நொடிக்கு ஏறத்தாழ ஏழு விம்மலில் தொடங்கி, ஒவ்வொரு கட்டையாக மேலே போகப் போக வேகம் சீராக ஏறி, சி–ஈ வரும்போது பத்தைத் தாண்ட வேண்டும். நடுவில் ஒன்று தடுக்கினால் பிழை அங்கே இருக்கிறது. சமமற்ற முறையில் இந்த ஏணி இல்லை. அப்போது கைத்திறன் குறைந்தவர் தம் தடுமாற்றத்தையெல்லாம் கலப்பு என்று பெயர் சூட்டி விற்றுவிடலாம் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. ஆனால் கலப்புக்கும் சோதனை உண்டு: பஞ்சமச் சுற்றில் சி-யைச் சுற்றியுள்ள கட்டைகளில் காந்தாரம் மிகக் குறுகியும், அங்கிருந்து இரு பக்கமும் படிப்படியாக விரிந்தும், எஃப் ஷார்ப் பக்கத்தில் உச்சத்தைத் தொட்டும் வர வேண்டும். இந்த வரிசை தவறினால் அது கலப்பன்று, பிழை. மேலும், சமப் பங்கீட்டுக்குக் குறிவைத்துத் தவறுகிறவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளைக் கட்டைப் பஞ்சமங்களைப் போதுமான அளவு குறைக்காமல் விட்டு, மிச்சம் முழுவதையும் கறுப்புக் கட்டைகளின் பக்கம் தள்ளிவிடுவது பரவலான பிழை. சி மேஜர் கரகரக்கும், எஃப் ஷார்ப் குழையும். எந்த நூற்றாண்டிலும் யாரும் விரும்பாத தலைகீழ்ச் சுருதி அது. இரண்டு சென்ட் தவறத்தான் போகிறோம் என்றால் யங் சொன்ன திசையில் தவறுவது எவ்வளவோ மேல்.

மற்ற மறுப்புகளுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒத்துவராது என்றால், வயலினும் ஓபோவும் சமப் பங்கீட்டில் வாசிப்பதே இல்லை. ஏ ஒத்திருந்தால் போதும், மிச்சத்தை அவர்கள் காதே பார்த்துக்கொள்கிறது. மேடையில் இரண்டு பியானோக்கள் இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும், இதில் விவாதமில்லை. கருவி கிடைக்காது என்ற பழைய சாக்கும் போய்விட்டது. டிஜிட்டல் பியானோக்களிலேயே வெர்க்மைஸ்டரும் கிர்ன்பெர்கரும் பொத்தானில் வந்துவிட்டார்கள். சுருதி பார்க்கும் செயலிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் இத்தனை சென்ட் ஏற்று, இத்தனை இறக்கு என்று எழுதிவைக்க முடிகிறது. பாதிக் கலப்புக்கு எஃப்-க்கு நான்கு ஏற்றம், பி-க்கு இரண்டு இறக்கம், மற்றவை அதற்குள்.

நிஜமான நடைமுறைச் சிக்கல் ஒன்றே ஒன்று. அடுத்த முறை வேறொரு டியூனர் வந்தால், முன்னவர் வேண்டுமென்றே வைத்ததைப் பிழை என்று நினைத்து நேராக்கிவிடுவார். வாசிப்பவருக்கு ஏன் மாறியது என்று புரியாது. பியானோவின் மூடிக்குள் தேதியோடு ஒரு சீட்டை ஒட்டி, எந்த முறை, எத்தனை பங்கு, ஏ எந்த அதிர்வெண் என்று எழுதிவைத்தால் இது தீரும். சமப் பங்கீட்டில் வைத்துவிட்டுப் போகிறவரும் அதே சீட்டை எழுத வேண்டும்.